பனி கொட்ட முன் கீழே இறங்குங்கள்

(திருவருகைக்காலம் முதல் ஞாயிறு, ஸ்காபரோ)



போன தை மாதம் நம் பங்கில் ஒரு வீட்டை ஆசீர்வதிக்கப் போனேன். மேல்மாடியில் தொடங்கி, அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு இறங்கினோம். பேஸ்மென்டில் ஒரு மாணவர் வாடகைக்கு இருந்தார். வீட்டுக்குள்ளேயே குளிர்க்கோட்டு போட்டபடி படித்துக்கொண்டிருந்தார். யன்னல் இடுக்கில் ஒரு துவாயைத் திணித்து வைத்திருந்தார். கார்பன் மொனொக்சைட் அலாரம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தட்டும் இரண்டு ஆணிகளும்தான் தெரிந்தன. நான் அதைக் கண்டேன். கண்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அறைக்கும் தீர்த்தம் தெளித்துவிட்டு, மேலே ஏறிச் சாப்பிட உட்கார்ந்தேன்.

இரண்டு இரவு எனக்கு நித்திரை வரவில்லை. மூன்றாம் நாள்தான் வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். பற்றரி இறங்கி அலாரம் கீச்சிட்டுக்கொண்டே இருந்ததாம். கழற்றி வைத்தவர் அப்படியே மறந்துவிட்டார். அன்றே புதிதாக ஒன்று வாங்கிப் பூட்டினார். நல்ல மனிதர். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். ஆனால் அந்த இரண்டு இரவுகளில் ஏதாவது நடந்திருந்தால்? அந்தக் கேள்வியோடுதான் இந்த ஆண்டு திருவருகைக்காலத்துக்குள் வருகிறேன்.

இன்றைய நற்செய்தியில், விழிப்பாயிருங்கள் என்று சொல்லும் இயேசு, நோவாவை நினைக்கச் சொல்கிறார். ஊர் விருந்திலும் கலியாணத்திலும் மூழ்கிக் கிடக்க, அந்த மனிதர் பேழைக்கு மரம் அறுத்து, கீல் பூசிக்கொண்டிருந்தார். மழைக்கு ஓர் அறிகுறியும் இல்லாத நாளில், தன் வீட்டாருக்காக. அவருடைய விழிப்பு அவருடைய கையில் இருந்தது.

உங்களில் மூத்தவர்களுக்கு இது புதிதல்ல. ஊரில் மாரி தொடங்க முன் வேலி அடைக்கவேண்டும், விறகு கொட்டிலுக்குள் போகவேண்டும், ஒடியல் காய்ந்து பானைக்குள் ஏறியிருக்கவேண்டும். வீடு வேய்ச்சல் என்றால் அயல் முழுக்க வந்துவிடும். கீழே நின்று ஒருவர் கிடுகு எடுத்துக் கொடுக்க, கூரையில் இருந்து இன்னொருவர் கட்ட, வேலை முடிந்ததும் எல்லோருக்கும் அந்த வீட்டில்தான் சாப்பாடு. யாருடைய கூரை ஒழுகுகிறது என்று ஊருக்கே தெரியும். இங்கே ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, கீழ்வீட்டில் குளிர்கிறதா என்று மேல்வீட்டுக்குத் தெரியவில்லை.

இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறிய கட்டளை இருக்கிறது. நாம் அதிகம் வாசிப்பதில்லை. புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். இல்லாவிட்டால், அங்கிருந்து ஒருவர் விழுந்தால், அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். அந்த நாட்டில் கூரை தட்டையானது. மக்கள் அங்கே தானியமும் சணலும் காயப்போட்டார்கள், செபித்தார்கள், படுத்தார்கள். விழக்கூடியவர் மகனா, விருந்தாளியா, கூலிக்கு வந்தவரா என்று சட்டம் கேட்கவில்லை. உன் கூரையில் ஏறியவர் உன் பொறுப்பு, அவ்வளவுதான்.

நமக்கு அந்தக் கைப்பிடிச் சுவர் எது? கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. ஃபேர்னஸ், சுடுநீர்த் தாங்கி, எரிவாயு அடுப்பு, கராஜில் ஓடவிட்ட கார் எல்லாவற்றிலிருந்தும் வரலாம். இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலையிடியும் வாந்தியும் வரும்போது தடிமன் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடுவோம். 2008 டிசம்பரில், இதே ஒன்ராறியோவில், வூட்ஸ்ரொக் நகரில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என ஒரு குடும்பமே இப்படிப் போனது. புகைபோக்கி அடைபட்டிருந்தது. அலாரம் இருக்கவில்லை. அந்தத் துயரத்திலிருந்துதான் வீடுகளில் இந்த அலாரம் கட்டாயம் என்ற சட்டம் நம் மாகாணத்துக்கு வந்தது.

2013 டிசம்பர் 21 இரவு தொடங்கிய பனிக்கட்டி மழையை மறந்திருக்கமாட்டீர்கள். ரொறன்ரோவில் ஏறக்குறைய 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. பலருக்கு நத்தார் இருட்டிலேயே கழிந்தது. குளிர் தாங்காமல் கரி பார்பிக்யூவை வீட்டுக்குள் கொண்டுவந்து மூட்டியவர்கள் மயங்கி விழுந்தார்கள். ஊரில் நாலு பக்கமும் காற்றோடுகிற குசினியில் கரியும் விறகும் எரித்துப் பழகியவர்கள் நாம். இங்கே வீடு காற்றுப் புகாமல் அடைத்தது. தயவுசெய்து, எந்தக் குளிரிலும் பார்பிக்யூவை உள்ளே கொண்டுவராதீர்கள்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். வெளிக்குழாயை உள்ளே பூட்டித் தண்ணீரை வடித்துவிட்டீர்களா, ஃபேர்னஸின் ஃபில்டரை மாற்றினீர்களா என்பதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். வீட்டின் பக்கச் சுவரில் வெள்ளை நிறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு குழாய்களை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஃபேர்னஸ் மூச்சு விடுவது அவற்றின் வழியாகத்தான். பனி குவிந்தால் முதலில் அதை அள்ளுங்கள், காருக்கு வழி பிறகு வெட்டலாம். இன்றைக்கே கீழே இறங்குங்கள். கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, அலாரத்தின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். காலாவதித் திகதி அதன் முதுகில் இருக்கும். அப்படியே நின்று, குளிருகிறதா தம்பி, குளிருகிறதா தங்கச்சி என்று கேளுங்கள். வீட்டுக்காரர் சூடு கொடுக்கும் இடத்தில், குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை இருக்கவேண்டும் என்பது நகரத்தின் விதி. தெர்மோஸ்டாட் மேல்மாடியில் மட்டும் இருந்தால், கீழே படுப்பவரின் குளிர் அதற்குத் தெரியாது.

புனித பவுல் சிறையிலிருந்து திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் கடைசிப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். எத்தனையோ திருச்சபைகளை நிறுவிய அந்த மனிதர், துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த போர்வையைக் கொண்டுவரும்படி கேட்கிறார். சில வரி தள்ளி, குளிர்காலத்துக்கு முன்னரே வந்துவிடச் சொல்கிறார். அந்தக் காலத்தில் மாரிகாலம் வந்தால் கடற்பயணம் நின்றுவிடும். பிந்தினால் போர்வையும் வராது, திமொத்தேயுவும் வரமாட்டார். தான் குளிரில் இருப்பதைச் சொல்ல பவுல் வெட்கப்படவில்லை. நம்மில் பலர் வெட்கப்படுகிறோம். புதிதாக வந்த பிள்ளை கோட்டு இல்லை என்று சொல்லமாட்டார். கணவனை இழந்து தனியே இருக்கும் அம்மா, பனி அள்ள முடியவில்லை என்று சொல்லமாட்டார். அவர்கள் எழுதாத கடிதத்தை நாம்தான் வாசிக்கவேண்டும். உங்கள் அலுமாரியில் இரண்டு வருடமாகத் தொடாத கோட்டு இருந்தால், கழுவி, சிப் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள்.

பின்மண்டபத்து மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். தனியாக இருக்கும் பெரியவர்களின் வாசலில் பனி அள்ள வரக்கூடியவர்கள் உங்கள் பெயரையும் தெருவையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள். முதல் வரியில் ஒரு பெயர் இருக்கும். காலைப் பூசைக்கு முன்னரே வந்து எழுதினார், அந்த பேஸ்மென்ட் மாணவர்.