தோற்கும் என்று தெரிந்த தீர்மானம்

1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் தேதி லோக் சபையில் வாக்கெடுப்பு முடிந்தபோது, ஆசார்ய கிருபளானி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆதரவாக 62 வாக்குகளும் எதிராக 347 வாக்குகளும் விழுந்திருந்தன. சுதந்திர இந்தியாவின் பார்லிமென்டில் ஒரு மந்திரி சபையின் மீது விவாதிக்கப்பட்ட முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் அது. நான்கு நாட்கள் நடந்த அந்த விவாதத்துக்குப் பதில் சொன்ன பிரதமர் நேரு, இத்தகைய தீர்மானம் என்றால் ஆளும் கட்சியை இறக்கிவிட்டு அந்த இடத்தில் அமரும் நோக்கம் அதற்கு இருக்கவேண்டும் என்றும், அப்படிப்பட்ட எதிர்பார்ப்பு இங்கே யாருக்கும் இல்லாததால், விவாதம் பயனுள்ளதாக இருந்தபோதிலும், சற்றே மெய்யற்றதாகப் படுகிறது என்றும் கூறினார். கூறிவிட்டு, இப்படிப்பட்ட பரீட்சைகள் அவ்வப்போது நடப்பது நல்லதே என்று அதனை வரவேற்கவும் செய்தார். பெருந்தன்மையான பேச்சுத்தான். ஆனால் அதன் முற்பகுதியில் பழைய தத்துவப் பிரச்னை ஒன்று மறைந்து கிடக்கிறது: வெற்றிக்கு இடமே இல்லை என்று திட்டமாகத் தெரிந்த காரியத்தில் இறங்குகிறவன் மெய்யாகவே ஒரு செயலைச் செய்கிறானா, அல்லது செயலின் பாவனையைத்தான் செய்கிறானா?

கிருபளானியைப் பாவனைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. 1917இல் சம்பாரண் அவுரி விவசாயிகளின் துயரத்தை விசாரிக்கப் புறப்பட்ட காந்தியடிகள் முஸப்பர்பூர் ரயில் நிலையத்தில் நள்ளிரவில் வந்து இறங்கியபோது, தம் மாணவர்கள் சூழ அவரை எதிர்கொண்டு அழைத்த பேராசிரியர் அவர். நாடு விடுதலை பெற்ற நாளில் காங்கிரஸ் மகாசபையின் தலைவராக இருந்தவரும் அவரே. தாம் தலைமை வகித்த ஸ்தாபனத்தை அந்த ஸ்தாபனத்தின் அரசாங்கமே கலந்தாலோசிப்பதில்லை என்ற குறையுடன் அவ்வாண்டிலேயே அப்பதவியைத் துறந்தார். 1951இல் காங்கிரஸையும் துறந்தார். 1962 பொதுத் தேர்தலில் வட பம்பாயில் கிருஷ்ண மேனனிடம் தோற்று, சீனப் படையெடுப்பின் விளைவாக அதே மேனன் அவ்வாண்டு முடிவதற்குள் மந்திரி பதவியை இழக்கக் கண்டு, மறு வருஷம் மே மாதத்தில் அம்ரோஹா இடைத்தேர்தலில் ஜயித்துச் சபைக்குத் திரும்பியவர். நேருவுக்கு ஒரு வயது மூத்தவர். எதிர்க்கட்சித் தலைவர் என்று விதிப்படி அங்கீகாரம் பெற்ற ஒருவர் அந்தச் சபையில் இல்லை. அதற்கு வேண்டிய எண்ணிக்கை எந்தக் கட்சிக்கும் கிடைத்திருக்கவில்லை. ஆகையால், கட்சி சாராத ஒரு முதியவர், ஒரே குருவின் நிழலில் தம்மோடு வளர்ந்த இன்னொரு முதியவரை நோக்கி, உம்முடைய ஆட்சியில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்ல நேர்ந்தது.

பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்ற கீதையின் உபதேசத்தை இங்கே கொண்டுவந்து வைத்துக் கேள்வியை முடித்துவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். எனக்கு அது அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை. அரசாங்கத்தைக் குற்றம் சாட்டி எழுந்து நிற்கிறவன், அந்தக் குற்றச்சாட்டு பலிக்கவேண்டும் என்ற ஆசையே இல்லாதவனாக இருந்தால், சான்றுகளைத் தேடுவதிலும் கணக்குகளைச் சரிபார்ப்பதிலும் வாசகங்களைச் செப்பனிடுவதிலும் அசிரத்தையாகத்தான் இருப்பான்; பலனில் பற்றில்லாமை என்பது எத்தனையோ பேருக்குச் சோம்பலின் மறுபெயராக முடிந்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். எதிர்த்துப் பேசுகிறவனுக்குப் பலன் வேண்டும். எந்தப் பலன் என்பதுதான் கேள்வி. நேரு சொன்ன பலன் ஆசன மாற்றம். அதைவிட்டால் வேறொன்றும் உண்டு: கேட்ட கேள்விக்கு, கேட்ட இடத்திலேயே, பொறுப்புள்ளவன் வாயால் ஒரு பதில்.

மனுவோடு எனக்கு உடன்பாடில்லாத விஷயங்கள் ஏராளம். எனினும் அந்த ஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயத்தில் ஒரு பாகப் பிரிவினை இருக்கிறது, அதை மறக்க முடிவதில்லை. நியாய சபையில் அதர்மம் நிகழுமானால், அந்தப் பாவத்தில் ஒரு கால் பங்கு செய்தவனுக்கும், ஒரு கால் பங்கு சாட்சிக்கும், ஒரு கால் பங்கு சபையில் இருந்தோர் அனைவருக்கும், எஞ்சிய கால் பங்கு அரசனுக்கும் போய்ச் சேருகிறது என்கிறது அது. சபையில் உட்கார்ந்திருப்பதே ஒரு செயல் என்பது இதன் தாத்பரியம். வாய் திறவாமல் வீடு திரும்பியவனும் பங்காளிதான்.

மகாபாரதத்தின் சபா பர்வத்தில் இந்தப் பிரிவினை கண்முன் நடக்கிறது. சூதில் தன்னையே தோற்றுவிட்ட ஒருவனுக்கு அதன் பின்பு மனைவியைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று துரௌபதி கேட்டபோது, அவள் கேட்டது இரக்கமல்ல, தீர்ப்பு. பீஷ்மர் தர்மம் சூக்ஷ்மமானது என்று சொல்லி ஒதுங்கினார். அப்போது எழுந்து, அவள் வெல்லப்பட்டவள் அல்லள் என்று காரண காரியங்களோடு வாதித்தவன், கௌரவர் நூற்றுவரில் ஒருவனான விகர்ணன். சபையிலே ஆரவாரம் எழுந்தது. கர்ணன் அவனைச் சிறுபிள்ளை என்று அதட்டினான். பதில் சொல்லுங்கள் என்று பிறகு விதுரர் சபையோரை இடித்துரைத்தும் காரியம் அத்துடன் நின்றது. இந்த விகர்ணன் துரியோதனனின் ஆசனத்துக்கு ஆசைப்பட்டவன் அல்லன். பின்னாளில் குருக்ஷேத்திரத்தில் அண்ணனுக்காகவே போர் புரிந்து பீமன் கையால் மடிந்தான். கொன்ற பீமனே அவனுக்காக வருந்தினான். நேரு வகுத்த இலக்கணப்படி பார்த்தால் விகர்ணனின் பேச்சும் மெய்யற்றதாகிவிடும். அந்தச் சபையில் மெய்யாக நடந்த ஒரு சில காரியங்களில் அது ஒன்று என்றே நான் நினைக்கிறேன். மெய்யற்றுப் போனது மற்றவர்கள் சொல்லாமல் விட்ட பதில்.

1963இன் விவாதத்தில் பதிலுக்காக விடாமல் மன்றாடியவர் டாக்டர் ராம் மனோகர் லோஹியா. முந்திய ஆண்டு பூல்பூரில் நேருவையே எதிர்த்து நின்று தோற்றவர். பரூக்காபாத் இடைத்தேர்தலில் வென்று அப்பொழுதுதான் சபைக்குள் வந்திருந்தார். இந்நாட்டில் 27 கோடி மக்கள் நாளொன்றுக்கு மூன்று அணாவில் பிழைக்கிறார்கள், பிரதமர் ஒருவருக்காக நாளொன்றுக்கு 25,000 ரூபாய் செலவாகிறது என்று அவர் சொன்னார். தசம நாணயம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகியும் ஏழையின் கணக்கு அணாவில்தான் இருந்தது போலும். மூன்றல்ல, பதினைந்து அணா என்றார் நேரு. அரசுத் தரப்பிலேயே பிறகு ஏழரை அணா என்று வேறொரு கணக்கும் பேசப்பட்டது. இவற்றை மாத வருமானமாக்கிப் பார்த்தால், மூன்று அணா என்பது ஐந்தரை ரூபாய்க்குச் சற்று மேல். பதினைந்து அணா என்பது 28 ரூபாய்க்குச் சற்று மேல். இத்தனை இடைவெளி எப்படி வந்தது? நாட்டின் மொத்த வருமானத்தை ஜனத்தொகையால் வகுத்தால் ஏறத்தாழப் பதினைந்து அணா வரும். அதில் ஆலை முதலாளியும் இருக்கிறார், ஜமீன் போன பின்பும் நிலம் போகாதவரும் இருக்கிறார். லோஹியா கேட்டது கீழே இருந்த ஐந்தில் மூன்று பங்கினரைப் பற்றி. அவருடைய மூன்று அணாவும் துல்லியமாக இருந்திருக்கவேண்டிய அவசியமில்லை. அதைக் குறைவான மதிப்பீடு என்று வாதிக்க இடமுண்டு. ஆனால் சராசரி என்னும் திரையை விலக்கிக் காட்டு என்று அவர் கேட்ட பிறகு, பழையபடி சராசரியைச் சொல்லித் தப்பிப்பது கடினமாகிவிட்டது. ஒருவன் ஒரு நாளைக்கு எத்தனை அணாவில் சாப்பிடுகிறான் என்பதை 347 பேர் கை தூக்கித் தீர்மானிக்க முடியாது. யார் ஆளவேண்டும் என்பதை எண்ணிக்கை முடிவு செய்யலாம். அந்த அதிகாரத்தை அதற்கு நாமே கொடுத்திருக்கிறோம். எது உண்மை என்பதை முடிவு செய்யும் அதிகாரத்தை நாம் கொடுக்கவில்லை, கொடுக்கவும் நமக்குச் சக்தி இல்லை.

இங்கே ஒரு ஆக்ஷேபம் எழும். இவர்கள் நிஷ்களங்கமான மனத்தோடுதான் பேசினார்களா? பதவியிலிருந்து விலக நேர்ந்தவரின் மனக்கசப்பும், தேர்தலில் தோற்றவரின் ரோஷமும் அந்தப் பேச்சுகளில் கலக்கவில்லையா? கலந்திருக்கும். மனத்தைக் கலக்காததும், சத்தியமானதும், பிரியமானதும், ஹிதமானதுமான சொல்லே வாக்குத் தபஸ் என்று கீதை வகுக்கிறது; பார்லிமென்டில் எதிர்வரிசையில் உட்காருகிறவன் இந்த நான்கையும் ஒருங்கே காப்பாற்ற முடியாது, ஆளுகிறவர்களின் மனத்தைக் கலக்குவதே அவனுக்கு இடப்பட்ட பணி. ஆகையால் அவனுடைய பேச்சைத் தபஸ் என்று கொண்டாட நான் தயாரில்லை. துவேஷம் பேசுகிறவனின் ஆத்மாவைக் கெடுக்கும், சந்தேகமில்லை. அவன் எடுத்துக்காட்டிய உண்மையை அது கெடுப்பதில்லை. கடன்பட்டவனைப் பற்றிக் கோள் சொன்னவன் பொறாமைக்காரன் என்பதால் கடன் அடைந்துவிடுமா? சொல்லுகிறவனின் புண்ணிய பாவத்தை அவனுடைய தெய்வம் பார்த்துக்கொள்ளட்டும். சபை பார்க்கவேண்டியது சொல்லப்பட்டதை. அதிகாரத்தில் உள்ளவர்கள் எந்தக் காலத்திலும் இந்த இரண்டையும் குழப்பிவிடுவதில் சமர்த்தர்கள். குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லாமல் குற்றம் சாட்டியவனின் ஜாதகத்தை வாசிப்பார்கள்.

நேருவின் பெருமையை மறைப்பது நியாயமாகாது. எண்ணிக்கை தம் பக்கம் இருந்தும் நான்கு நாள் விவாதத்துக்கு இடம்கொடுத்து, தாமே எழுந்து பதில் சொன்னார். வாக்கெடுப்பு முடிந்த இரண்டாம் நாள், காமராஜ் திட்டத்தின்படி பதவி விலகவேண்டிய ஆறு மத்திய மந்திரிகளின் பெயரும் ஆறு முதல் மந்திரிகளின் பெயரும் வெளிவந்தன; காமராஜரும் அவர்களில் ஒருவர். அந்தத் திட்டம் தீர்மானத்துக்கு முன்பே காங்கிரஸ் கமிட்டியில் ஏற்கப்பட்டது, ஆகவே ஒன்றை மற்றதன் விளைவு என்று சொல்வதற்கில்லை. அதே திட்டத்தின் கீழ் உத்தரப் பிரதேசத்தில் காலியான முதல் மந்திரி பதவிக்கு அக்டோபரில் வந்தவர் சுசேதா கிருபளானி, ஆசார்யரின் மனைவி.

அன்று தொடங்கி 2023 வரை லோக் சபை இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நம்பிக்கையில்லாத் தீர்மானங்களை விவாதித்திருக்கிறது. இந்திரா காந்தி ஒருவரே 15 தீர்மானங்களைச் சந்தித்தார். வாக்கெடுப்பில் நிறைவேறியது ஒன்றுகூட இல்லை. 1979இல் மொரார்ஜி தேசாய், வாக்கெடுப்பு வரை காத்திராமல் ராஜினாமாச் செய்துவிட்டார். ஆசன மாற்றம் ஒன்றே பலன் என்றால், எத்தனையோ பெரிய மனிதர்கள் இத்தனை காலம் வெறும் பாவனையில் கழித்தார்கள் என்று கொள்ளவேண்டும். 2023 ஆகஸ்டில் மணிப்பூர்க் கலவரத்தை முன்னிட்டுத் தீர்மானம் கொண்டுவந்த கௌரவ் கோகோய், தோல்வி நிச்சயம் என்பதை மறைக்கவில்லை. பிரதமர் மோடியின் மௌன விரதத்தைக் கலைப்பதே நோக்கம் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆறு பத்தாண்டுகளுக்குப் பின் நேருவின் ஐயத்துக்குக் கிடைத்த தெளிவான மறுமொழி அது என்பேன். ஆனால் மூன்றாம் நாள் பிரதமர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசியபோது, மணிப்பூரைப் பற்றி அவர் பேச வருவதற்கு முன்பே எதிர்க்கட்சியினர் எழுந்து வெளிநடப்புச் செய்தார்கள். தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் தோற்றது. பதிலைக் கடைசி வரை தள்ளிப்போட்ட பிரதமரின் மீது எனக்குக் குறை உண்டு. எனினும், வாக்கில் வெல்ல முடியாதவர்களுக்கு உரிய பலன் பதில் ஒன்றுதான். அதை வாங்கிக்கொள்ளாமல், அதன் குறைகளை அங்கேயே எடுத்துக்காட்டாமல் எழுந்து போனது, பாதி வழியில் கைவிடப்பட்ட காரியமாகவே எனக்குப் படுகிறது.