பழத்துக்குள் ஜாம் இருந்ததா?

மஹாபலேஷ்வர் ஸ்ட்ராபெரி, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு ஆகிய மூன்றை மட்டும் வைத்துக் காய்ச்சினாலும் ஜாம் இறுகும். கடையில் விற்கும் பெக்டின் பொடி அதற்கு வேண்டியதில்லை. இறுக வைக்கும் பொருள் எதையும் தனியாகச் சேர்க்காதபோது அந்த இறுக்கம் எங்கிருந்து வந்தது என்பது பழைய தத்துவ வழக்கு ஒன்றின் மையக் கேள்வி. காரியம் தன் காரணத்துக்குள் முன்பே இருக்கிறது என்பது சாங்கியத்தின் கட்சி. அதற்குச் சற்காரியவாதம் என்று பெயர். முன்பு இல்லாதது புதிதாகத் தோன்றுகிறது என்பது நியாய வைசேடிகத்தின் கட்சி, அது அசற்காரியவாதம். மணிமேகலையின் 27ஆம் காதையில் சாங்கியவாதியும் வைசேடிகவாதியும் தத்தம் கொள்கையைச் சொல்கிறார்கள். சைவ சித்தாந்தம் சற்காரியவாதத்தின் பக்கம் நின்றது. நியாயம் கற்கத் தொடங்குவோருக்கான நூலாகிய அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் தமிழாக்கினார். ஆகவே இரு கட்சிகளும் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல.

இந்த வழக்கின் நூல்கள் பலவும் அச்சேறிய ஊர் புனே. 1821இல் விஷ்ராம்பாக் வாடாவில் சம்ஸ்கிருதக் கல்லூரி தொடங்கியது. 1888இல் மகாதேவ் சிம்ணாஜி ஆப்டே நிறுவிய ஆனந்தாசிரமம், சாங்கியத்தின் கட்சியில் நிற்கும் யோகசூத்திரத்தை வியாச பாஷ்யத்தோடு பதிப்பித்தது. 1917இல் உருவான பண்டார்கர் ஆய்வு நிறுவனம், நியாயத்தின் கலைச்சொற்களைத் தொகுத்த பீமாசார்ய ஜளகீகரின் நியாயகோசத்தை 1928இல் வெளியிட்டது. சுமார் 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மஹாபலேஷ்வர் மலைப்பகுதியிலிருந்து ஸ்ட்ராபெரி வந்து இறங்குவதும் இதே ஊரில்தான். மார்கழிக்கு முன்பே தொடங்கும் வரத்து பங்குனி வரை நீளும். மஹாபலேஷ்வர் ஸ்ட்ராபெரிக்கு 2010இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பெக்டின் என்பது தாவரச் செல்களின் சுவர்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலி. 1825இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி பிராகோனோ அதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். காயில் அது கரையாத வடிவில் இருக்கிறது. பழுக்கும்போது நொதிகள் அதைக் கரையும் பெக்டினாக மாற்றுகின்றன; கனிந்து குழையும்போது மேலும் வெட்டித் துண்டாக்கிவிடுகின்றன. நன்கு கனிந்த ஸ்ட்ராபெரியில் மணம் மிகுதி, பெக்டின் குறைவு. இதனால்தான் பொடி சேர்க்காமல் காய்ச்சுபவர்கள் பழத்தில் கால் பங்கு செங்காயாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை சர்க்கரையும், ஒன்றிரண்டு எலுமிச்சையின் சாறும் போதும். அடிகனமான அகன்ற பாத்திரத்தில், கலவையில் கரைந்துள்ள சர்க்கரை ஏறத்தாழ 65 சதவீதத்தை எட்டும் வரை நீர் வற்ற வேண்டும்.

ஈசுவர கிருஷ்ணரின் சாங்கிய காரிகை ஒன்பதாம் செய்யுளில் ஐந்து காரணங்களை அடுக்குகிறது. இல்லாததை உண்டாக்க முடியாது. குறிப்பிட்ட காரியத்துக்குக் குறிப்பிட்ட மூலப்பொருளைத்தான் தேடுகிறோம். எல்லாவற்றிலிருந்தும் எல்லாம் பிறப்பதில்லை. ஆற்றல் உள்ளது தன்னால் ஆவதை மட்டுமே ஆக்கும். காரியம் காரணத்தின் தன்மையதே. வாசஸ்பதி மிசிரர் தம் உரையில், எள்ளை ஆட்டினால் எண்ணெய் வெளிப்படுவதையும் நெல்லைக் குத்தினால் அரிசி வெளிப்படுவதையும் எடுத்துக்காட்டுகிறார். செக்கும் உலக்கையும் எதையும் படைப்பதில்லை, மறைந்திருப்பதை வெளிக்கொணர்கின்றன. ஜாம் காய்ச்சுபவர் செங்காயைத் தேடிப் பொறுக்குவது இரண்டாவது காரணத்தின் நேரடி உதாரணம். தண்ணீரோடு சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பாகுதான் கிடைக்கும்.

ஆற்றல் முன்பே இருக்கிறது என்பதைக் காரியத்தைப் பார்த்த பிறகே ஊகிக்க முடியும் என்பது சாங்கியத்தின்மீது வழக்கமாக எழும் குறை. பெக்டின் விஷயத்தில் அந்தக் குறை பாதி தீர்ந்துவிடுகிறது. பழத்தைச் சற்றே வேகவைத்து, சாற்றை ஆறவிட்டு, ஒரு கரண்டிச் சாற்றை மூன்று கரண்டி எரிசாராயத்தில் ஊற்றினால், பெக்டின் மிகுந்த சாறு ஒரே கட்டியாகத் திரளும். குறைந்த சாறு நூல் நூலாகச் சிதறி நிற்கும். (கலவையை வாயில் வைக்கக் கூடாது, அது நஞ்சு.) ஜாம் ஆவதற்கு முன்பே, ஜாம் ஆகுமா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

நியாயவாதி இதனால் அசைவதில்லை. பெக்டின் இருந்தது என்றால் காரணம் இருந்தது என்றுதான் பொருள். காரணம் முன்பே இருந்ததை அவர் என்றும் மறுத்ததில்லை. பழம் வேறு, ஜாம் வேறு. பெயர், வடிவம், பயன் எல்லாம் வேறு. ஜாம் பழத்திலேயே இருக்குமானால் அடுப்பு எதற்கு? வெளிப்படுத்துவதற்கு என்று சாங்கியர் சொன்னால், அந்த வெளிப்பாடு முன்பே இருந்ததா, புதிதாக வந்ததா என்பது அடுத்த கேள்வி. முன்பே இருந்தால் அடுப்பு வீண். புதிதாக வந்ததென்றால் இல்லாத ஒன்று தோன்றியதை ஒப்புக்கொண்டாயிற்று. சாங்கியத்தின்மீது வைக்கப்பட்ட கேள்விகளில் மிகக் கூர்மையானது இது. வெளிப்பாட்டுக்கும் ஒரு வெளிப்பாடு என்று போனால் அதற்கு முடிவே இல்லை.

நியாயத்தின் கணக்கில் ஜாமுக்கு மூன்று வகைக் காரணங்கள் உண்டு. பழத்தின் கூறுகள் சமவாயி காரணம், அவற்றின் சேர்க்கை அசமவாயி காரணம், காய்ச்சுபவரும் தீயும் பாத்திரமும் நிமித்த காரணம். தடை இல்லாமை என்பதையும் அது காரணங்களோடு சேர்த்துக்கொள்கிறது. தீயில் சுடும் ஆற்றல் என்று தனிப்பொருள் ஒன்று உண்டு, குறிப்பிட்ட மணியை அருகில் வைத்தால் அது அடங்குகிறது என்பது மீமாம்சகர் கூற்று. தனி ஆற்றல் தேவையில்லை, தடை இல்லாமையே போதும் என்பது நியாயத்தின் மறுமொழி. எலுமிச்சைச் சாறு செய்யும் வேலை இந்த மறுமொழிக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. பெக்டின் சங்கிலிகள் எதிர்மின்சுமை கொண்டவை. அதனால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அமிலம் சேர்ந்து பிஎச் அளவு சுமார் 3.5க்குக் கீழே இறங்கும்போது அந்தச் சுமை தணிகிறது. சர்க்கரை நீரைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. விலகி நின்ற சங்கிலிகள் ஒட்டி வலையாகின்றன. எலுமிச்சை புதிய ஆற்றல் எதையும் கொடுக்கவில்லை, தடையை அகற்றியது.

அதே நியாயத்துக்கு ஒரு பலவீனமும் உண்டு. மணலிலிருந்து ஏன் ஜாம் வருவதில்லை என்று கேட்டால், ஜாமின் முன்னபாவம், அதாவது தோன்றுவதற்கு முந்தைய இன்மை, பழத்தில்தான் இருக்கிறது, மணலில் இல்லை என்பது விடை. இன்மையில் இப்படி இடம் பார்த்து வேறுபாடு செய்வது, ஆற்றல் என்ற சொல்லை வாசல் வழியே அனுப்பிவிட்டுக் கொல்லைப்புறம் வழியே அழைத்துக்கொள்வதாகவே படுகிறது.

சூடு பொருளை எப்படி மாற்றுகிறது என்பதில் வைசேடிகமும் நியாயமும் தமக்குள்ளேயே பிரிகின்றன. பச்சை மண்குடம் சூளையில் சிவப்பதே இருவரும் எடுத்துக்கொள்ளும் உதாரணம். தீ பட்டதும் குடம் அணுக்களாகப் பிரிந்து, அணுக்களின் நிறம் மாறி, மீண்டும் கூடிப் புதுக் குடமாகிறது என்பது வைசேடிகரின் பீலுபாகம். குடம் குடமாகவே இருக்க, நுண்துளைகள் வழியே தீ புகுந்து முழுப்பொருளையும் மாற்றுகிறது என்பது நியாயவாதியின் பிடரபாகம். பிரிந்து கூடினால் சூளையில் அதன்மேல் அடுக்கிய குடங்கள் சரிந்திருக்குமே என்பது அவருடைய எளிய, வலுவான கேள்வி. பிருதிவியில், அதாவது மண்ணில், மட்டுமே நிறம், சுவை, மணம், பரிசம் நான்கும் பாகத்தால், அதாவது சூட்டால், மாறும் என்கிறது தருக்க சங்கிரகம். ஜாம் கொதிக்கும்போது மாறுவதும் இந்த நான்குதான். குடத்தின் வழக்கில் வெல்லும் நியாயவாதி ஜாமின் வழக்கில் தோற்கிறார். கொதியில் செல்சுவர் பிரிகிறது. அதிலிருந்து கழன்ற பெக்டின் சாற்றில் கரைந்து, ஆறும்போது முன்பு இல்லாத அமைப்பில் கூடுகிறது. அணு வரை போகவில்லை என்றாலும் பிரிந்து கூடுதல் நடக்கிறது. அளவுக்கு மீறிக் கொதித்தால் சங்கிலிகளே அறுபட்டு, பிறகு கூட எதுவும் மிஞ்சாது.

யோகசூத்திரத்தின் மூன்றாம் பாதத்தில் 14ஆம் சூத்திரத்துக்கு எழுதிய உரையில் வியாசர், உள்ளிருப்பவை எல்லாம் ஏன் எப்போதும் வெளிப்படுவதில்லை என்பதற்கு இடம், காலம், வடிவம், நிமித்தம் என்னும் வரம்புகளைச் சொல்கிறார். இடம் என்பது இங்கே வெறும் தத்துவச் சொல்லாக நிற்பதில்லை. சமையல் நூல்கள் ஜாம் 105 பாகை செல்சியஸில் பதமாகும் என்கின்றன. அது கடல்மட்டக் கணக்கு. புனே சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 98 பாகையிலேயே கொதிக்கும், ஜாம் 102, 103 பாகையில் பதமாகும். 1,350 மீட்டர் உயரத்திலுள்ள மஹாபலேஷ்வரில் தண்ணீர் 96 பாகைக்குச் சற்றுக் குறைவாகவே கொதித்துவிடும், ஜாமின் பதம் 100 பாகை அளவில் வந்துவிடும். அங்கே நூலை நம்பி 105 வரை காய்ச்சினால் கரண்டி நுழையாத மிட்டாய் கிடைக்கும். எங்கும் பொருந்தும் விதி, அந்த ஊர்த் தண்ணீரின் கொதிநிலைக்கு மேல் நாலரைப் பாகை என்பதே. காலத்துக்குச் செங்காய் சாட்சி, வடிவத்துக்கு அகன்ற பாத்திரம், நிமித்தத்துக்கு எலுமிச்சை.

பொடி சேர்த்த ஜாம் போலி என்ற எண்ணத்துக்கு இந்த வழக்கில் இடமில்லை. விற்பனைக்கு வரும் பெக்டின் பெரும்பாலும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் ஆரஞ்சு, எலுமிச்சை வகைப் பழங்களின் தோலிலிருந்தும் எடுக்கப்படுகிறது. அதைச் சேர்த்தால் மூலப்பொருள் ஒன்றுக்கு இரண்டாகிறது, அவ்வளவுதான். எடைக்கணக்கில் இப்படிக் காய்ச்சிய ஜாமில் சர்க்கரையே பெரிது என்பதால், பழத்தின் தூய்மை பற்றிய பெருமிதத்தை எந்தக் கட்சியும் ஆதரிக்காது.

சமணம் இரண்டையும் சேர்த்தே பிடித்தது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரப்படி உள்பொருள் எதுவும் தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் உடையது. பெக்டின் நிலைக்கிறது, பழம் அழிகிறது, ஜாம் தோன்றுகிறது. நடந்ததை விவரிக்க இதைவிடப் பொருத்தமான சூத்திரம் இல்லை. ஆனால் விவரிப்பதோடு அது நின்றுவிடுகிறது. ஸ்ட்ராபெரிக்கும் களாக்காய்க்கும் உள்ள வேறுபாட்டை அது விளக்காது. சித்திரை, வைகாசியில் சஹ்யாத்ரிச் சரிவுகளிலிருந்து புனேக்கு வரும் களாக்காயில் பெக்டினும் புளிப்பும் நிறைய உண்டு, எலுமிச்சை இல்லாமலே இறுகும். இந்த வேறுபாட்டை விளக்க ஆற்றல் என்ற கருத்து தேவைப்படுகிறது. அதைத் தருவது சாங்கியம். வலைப்பின்னல் எந்தப் பழத்திலும் முன்பு இருக்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்வது நியாயம். பெக்டின் முன்பே இருந்தது, ஜாம் இருக்கவில்லை. வெளிப்பாடு பற்றிய கேள்விக்குச் சாங்கியமும், முன்னபாவம் பற்றிய கேள்விக்கு நியாயமும் எதிர்க்கட்சி ஏற்கும் விடையை இன்னும் தரவில்லை.