சும்மாவும் அம்மாவும்

தினம் ஒரு வார்த்தைப் புதிர் போட்டுவிட்டு, விடையாக வந்த சொல்லை வைத்தே விளையாட்டாக நாலு வரி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 2021-ல் 'வேர்டில்' வந்த பிறகு இந்தக் கூட்டம் பெருத்துவிட்டது. 'இதெல்லாம் கவிதையா சார்? யாரோ சொல் கொடுக்க, நீங்க நிரப்புறீங்க. உள்ளேயிருந்து வர வேண்டாமா?' என்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால், பண்ணைப்புரத்தில் போய் இதைக் கேட்க முடியாது!

இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன், கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். ஜனங்கள் ஏற்கெனவே முணுமுணுக்கும் சினிமா மெட்டை எடுப்பார். அதில் கட்சியின் சேதியை உட்காரவைப்பார். மெட்டும் கட்டம்தானே? குறில் விழ வேண்டிய இடத்தில் நெடிலைத் திணித்தால் பாட்டு நொண்டும். 1958-ல் கேரளத்தின் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளிகள். ரோசம்மா புன்னூஸுக்காகப் பாவலர் பாடினார், ரோசம்மா ஜெயித்தார். மெட்டு இரவல் என்பதற்காக, கேட்டவர்களின் கூலிக் கவலை இரவலாகிவிடுமா என்ன? பின்னாளில் கவிஞர்களுக்கெல்லாம் மெட்டு போட்டுக் கொடுத்த தம்பி ராசையா வளர்ந்ததும் இந்தப் பாட்டுக் குழுவில்தான்.

'செருப்பு' என்று ஆரம்பித்து 'விளக்குமாறு' என்று முடிக்கச் சொன்னார்களாம் காளமேகத்திடம். அவர் முருகனைப் பாடிவிட்டார் என்பது கதை.

ஆனால், பி.காம். படித்த புத்தி ஒன்று எனக்கு உண்டு. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆனதால் மட்டும் கணக்கு நிஜமாகிவிடாது. பாவலரின் அதே மெட்டில் எதிர்க்கட்சியும் பாடலாம். எதுகை, மோனை அங்கேயும் கச்சிதமாக விழும். வம்பே, கட்டத்தில் இரண்டு சொற்கள் பொருந்தும்போதுதான்.

இன்றைய விடை 'அம்மா' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சும்மா' கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் உட்கார முடிகிறதா உங்களால்?