எந்தப் படங்களை ஊருக்கு எடுத்து வருவது?

ஐரோப்பாவில் ஓவியம் படிக்கப் போகும் நம் பெண்கள், ஊர் திரும்பும்போது தங்கள் படங்களை இரண்டாகப் பிரிக்கிறார்கள்: வீட்டில் காட்டக்கூடியவை, காட்டக்கூடாதவை. நிர்வாணமாக நிற்கும் மாடலைப் பார்த்து வரைந்த தாள்கள் ஏதோ ஒரு தோழியின் அறையில் தங்கிவிடும். பாரிஸில் என்னோடு படித்தவர்களில் பலர் இப்படித்தான் செய்தார்கள். இது பொய்யா?

உடனே ஆமாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு பெண் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிப்பவர்களுக்கு, அவளிடம் உண்மையைக் கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது? பாரிஸின் புகழ்பெற்ற எக்கோல் தெ போஸார் 1897 வரை பெண்களைச் சேர்க்கவே இல்லை. ஆண்களோடு உட்கார்ந்து பெண்கள் நிர்வாண உடலை வரைவதா என்பது அன்றைய பெரிய ஆட்சேபம். உடலை வரையக் கற்காதவளுக்குப் பெரிய ஓவியங்கள் கிடையாது. பூவையும் பழத்தையும் வரைந்துகொண்டிருக்கலாம். ஆக, எங்கள் பிரம்மதேசத்து மாமாக்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

நான் அந்தத் தாள்களைக் கொண்டுவந்தேன். அம்மா நடவுக்கும் மல்லாட்டை பிடுங்கவும் போனவள். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பொம்பள எவ்ளோ நேரம் அப்பிடியே நிக்கும்? கூலி எவ்ளோ?" என்று கேட்டாள்.

இருபது நிமிடம் நிற்க வேண்டும், பிறகு ஐந்து நிமிட ஓய்வு. திரும்ப வந்து அதே இடத்தில் நிற்பதற்காகப் பாதங்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டியிருக்கும். பக்கத்தில் ஒரு ஹீட்டர்; ஒரு பக்கம் சுடும், மறுபக்கம் விறைக்கும். மணிக்கணக்கில்தான் கூலி. சொன்னேன். "குனிஞ்சு நட்டா இடுப்பு போவுது, நிமிந்து நின்னா முட்டி போவுது" என்றாள். வெட்கத்தைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

அமிர்தா ஷெர்கில் 1929இல், பதினாறு வயதில், பாரிஸுக்குப் படிக்கப் போனவர். 1933இல் அவர் வரைந்த 'தொழில்முறை மாடல்' எனக்கு அவருடைய புகழ்பெற்ற படங்களைவிட முக்கியமானது. அதில் இருப்பவள் தேவதை அல்ல. உடல் தளர்ந்த, களைத்த ஒரு பெண். தலைப்பே அவள் வேலையைச் சொல்கிறது. வசதியான வீட்டுப் பெண்ணான ஷெர்கில், தன் கல்விக்காக இன்னொருத்தி உழைத்ததை அந்தப் படத்தில் மறைக்கவில்லை.

பெண் 'பார்க்கும்' உரிமையைப் பெற்றதை நாம் கொண்டாடுகிறோம். சரிதான். ஆனால் அந்த உரிமையை நான் பழகியது, கூலிக்கு நின்ற இன்னொரு பெண்ணின் உடலில். அவளும் வேற்று நாட்டிலிருந்து வந்தவள். எனக்கு உதவித்தொகை இருந்தது, அவளுக்கு மாலையில் அலுவலகம் துடைக்கும் வேலை இருந்தது. தாள்களை ஒளித்தால் மாமாக்களின் மானம் தப்பும். அவள் நின்ற மணிநேரங்கள் நடக்காதவை ஆகிவிடும். பொய் என்று ஒன்று இருந்தால், அது அவளுக்குச் செய்வது. படிப்பையே நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து மறைக்கும் மாணவியை நான் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு முதலில் படிப்பு முடிய வேண்டும்.

காட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. வகுப்பில் நிற்கத்தான் அவள் சம்மதித்தாள். பிரம்மதேசத்துத் திண்ணைக்கு அல்ல. அதனால் கிளம்பும் முன் அவளிடமே கேட்டேன். காட்டு, ஆனால் என் முகத்தை ஒழுங்காக வரைந்திருப்பவற்றை மட்டும் காட்டு என்றாள். இரண்டு வருடத் தாள்களையும் அவளே உட்கார்ந்து பிரித்தாள். பதினொன்றுதான் தேறின.