காரணம் எழுதும் கட்டம்

கஞ்சா பாவிக்கிறீர்களா? இலண்டன் வைத்தியசாலைகளில் குடியைப் பற்றியும் சிகரெட்டைப் பற்றியும் கேட்ட கையோடு இதையும் கேட்பதுண்டு. முதலிரண்டுக்கும் எமது ஆட்கள் ஓரளவுக்கு உண்மை சொல்வார்கள். மூன்றாவதுக்கு, நான் அறிந்த வீடுகளில், ஒரே பதில்தான்: இல்லை. இந்த 'இல்லை'யால் உடம்புக்கு என்ன நட்டம் என்பது வைத்தியம் சம்பந்தப்பட்டது. உண்மை சொல்லும் கடமை நோயாளிக்கு இருக்குமென்றால், அதைக் கேட்பவருக்குள்ள கடமை என்ன என்பது அறம் சம்பந்தப்பட்டது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பேச முடியாதென்றே நான் நினைக்கிறேன்.

இக்கேள்விக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. கஞ்சா ஆளைப் பைத்தியமாக்குகிறது, இந்தியாவின் மனநோய் இல்லங்கள் கஞ்சாக்காரரால் நிரம்பி வழிகின்றன என்ற குற்றச்சாட்டு பிரித்தானியப் பாராளுமன்றம்வரை போயிருந்த காலம் அது. 1893ல் இதை ஆராய ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அது அந்த இல்லங்களின் பதிவேடுகளைக் கிளறிப் பார்த்தது. நோய்க்கான காரணம் என்ற கட்டத்தில் பல இடங்களில் கஞ்சா என்றிருந்தது. அது வைத்தியர் கண்டுபிடித்த காரணமல்ல. ஆளைப் பிடித்துவந்த பொலிசார் விசாரணையேதுமின்றி எழுதிக் கொடுத்ததை இல்லத்தில் அப்படியே பிரதி பண்ணியிருந்தார்கள். 1892ல் அனுமதிக்கப்பட்ட 1,344 பேரில் 98 பேருடைய நோயில்தான் கஞ்சாவுக்குப் பங்கிருக்கலாம் என்று 1894ல் வந்த அறிக்கை முடிவு செய்தது.

அந்த இல்லங்களுக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பெயர் அசைலம். அதே சொல்லைச் சொல்லித்தான் நாங்கள் இந்த நாட்டின் கதவைத் தட்டினோம். இரண்டு கதவிலும் ஒரு படிவம் இருந்தது. எம்மைப் பற்றி அதில் வேறொருவர் எழுதினார். எழுதப்பட்டதே நாம் என்றாயிற்று.

ஆனால் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, கஞ்சாவால் ஒன்றும் வராது என்று முடிப்பதும் பொய்தான். 1890களில் புகைத்ததும் இன்று இலண்டன் தெருவில் விற்பதும் ஒன்றல்ல. 'ஸ்கங்க்' என்று இங்கே அழைக்கப்படும் வகையில் போதை தரும் டீ.எச்.சி. மிக அதிகம். தென் இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையோடு சேர்ந்து இயங்கும் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடத்திய ஆய்வு 2019ல் வெளிவந்தது. ஒருபோதும் பாவிக்காதவர்களோடு ஒப்பிட்டால், தினமும் பாவிப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. வீரியம் கூடியதைத் தினமும் பாவித்தால் ஏறத்தாழ 5 மடங்கு. அந்த வகை கிடைக்காமலே போயிருந்தால், இலண்டனில் இந்நோயின் புதிய நோயாளிகளில் 30 வீதத்தினரை நோய் அண்டாமல் தடுத்திருக்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பாவிப்பவர் எல்லோருக்கும் நோய் வரும் என்பதல்ல இதன் பொருள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடவும் கூடாது என்பதே பொருள்.

மனநோய் மட்டுமல்ல. நான் வேலை செய்யும் உணவகத்தில் கோப்பை கழுவும் இடத்தில் ஒரு தம்பி நின்றான். மாதத்துக்கு ஒருமுறையாவது நாள்கணக்கில் வாந்தி. சுடுதண்ணீரின் கீழ் நின்றால் மட்டும் குறையும் என்பான். வைத்தியசாலைக்கு நாலைந்து தடவை போனான். சேலைன் ஏற்றினார்கள், கமரா விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. மொழிபெயர்க்கப் போனது அவனுடைய அத்தான். கஞ்சாவைப் பற்றிய கேள்வியை அவர் தம்பியிடம் கேட்கவேயில்லை, தானாகவே 'இல்லை' என்று சொல்லிவிட்டார். கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். நீண்ட காலம் கஞ்சா பாவிப்பவர்களுக்கு இப்படியொரு வாந்தி நோய் வருவதையும், சுடுநீர்க் குளிப்பு அதைத் தணிப்பதையும் தென் அவுஸ்திரேலிய வைத்தியர்கள் 2004லேயே எழுதியிருக்கிறார்கள். நிலையான பரிகாரம் கஞ்சாவை நிறுத்துவதுதான். ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டிய தேடல் ஒரு வருடம் இழுபட்டது. சத்திரசிகிச்சையிலும் இதே கதைதான். வழக்கமாகப் பாவிப்பவருக்கு மயக்கமருந்து கூடுதலாகத் தேவைப்படலாம், பின்னர் வலியும் கூடலாம். அதனால் எல்லா நோயாளிகளிடமும் இதைக் கேட்கவேண்டும் என்று 2023ல் அமெரிக்க மயக்கமருந்து நிபுணர்கள் வழிகாட்டி வெளியிட்டார்கள்.

அத்தானைக் குற்றம் சொல்வது சுலபம். குடும்ப மானம் ஒரு பக்கம், பயம் மறுபக்கம். அந்தப் பயம் கற்பனையுமல்ல. 2017ல் நடைமுறைக்கு வந்த ஓர் ஒப்பந்தப்படி, குடிவரவுத் துறை தேடும் ஆட்களின் விலாசங்கள் தேசிய சுகாதார சேவையின் பதிவுகளிலிருந்து ஹோம் ஒபிசுக்குப் போயின. நோய் விபரம் போகவில்லை, விலாசம்தான் போனது. கடும் எதிர்ப்பின் பின் 2018ல் அது கைவிடப்பட்டது. வைத்தியரிடம் கொடுத்த விலாசம் கதவைத் தட்டும் அதிகாரியிடம் போகலாம் என்று ஒருமுறை அறிந்தவன், அடுத்தமுறை எதைத்தான் நம்பிச் சொல்வான்?

இன்னொரு குரலும் உண்டு. அது எம்மவர் வாயிலிருந்தே வருகிறது: "தானாய்த் தேடின வருத்தத்துக்கு என்னத்துக்குக் கட்டில்? உண்மையான நோயாளிகள் வெளியில நிக்கினம்." கொண்டாட்டங்களில் விஸ்கிப் போத்தலை நடுமேசையில் வைக்கும் நாம் ஈரல் கெட்டவரைப் பார்க்கத் தோடம்பழத்தோடு போகிறோம். அவரிடம் யாரும் கட்டிலுக்குத் தகுதி கேட்பதில்லை. பன்னிரண்டு மணிநேரம் நின்று வேலை செய்துவிட்டு, நித்திரைக்காக ஒன்றைப் பற்றவைத்தவனிடம் மட்டும் கேட்கிறோம். வருத்தத்துக்கு வைத்தியம் செய்வதா, நடத்தைக்குத் தீர்ப்புச் சொல்வதா? தீர்ப்பு முதலில் வரும் இடத்தில் உண்மை வராது. உண்மை வராத இடத்தில் வைத்தியமும் நடக்காது. கட்டிலும் வீணாகவே நிரம்பும்.

ஆகவே கடமை இருபக்கமும் உண்டு. கேட்பவர், கேட்ட பதிலை வைத்தியத்துக்கு மட்டும் பாவிக்கவேண்டும். 'கஞ்சா' என்று எழுதியதும் பேனாவை மூடிவிடக்கூடாது. அவனுடைய மற்றக் கதைகளையும் கேட்கவேண்டும். நோயாளி தன் உடம்பைக் காப்பாற்ற முயல்பவரிடம் உடம்பை மறைக்கக்கூடாது. எங்கள் பெடியளுக்காக மொழிபெயர்க்கப் போகிறவர்கள் கேள்வியை முழுதாகக் கேட்டு, பதிலை முழுதாகச் சொல்லவேண்டும். அது முடியாதென்றால், வைத்தியசாலையே இலவசமாகத் தரும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியே இருக்கலாம். கட்டிலில் கிடப்பவனுக்குத் தன் காரணத்தைத் தன் வாயாலேயே சொல்ல அப்போதாவது இடம் கிடைக்கும்.