தன்மேற் பரிவும் நீதியும்

சென்ற தவணை முடிவில், மாணவனொருவனின் வரவுக் குறைவைப் பற்றிப் பேச அவனுடைய அம்மம்மா பாடசாலைக்கு வந்திருந்தார். பேச்சு பேரனிலிருந்து மகனுக்குத் தாவியது. 2008ஆம் ஆண்டில் ஒரு மாலை வீட்டைவிட்டுச் சென்ற அந்த மகன் திரும்பவேயில்லை. "அண்டைக்கு நான்தான் சேர் அவனைக் கடைக்கு அனுப்பினனான். நான்தான் அவனைத் துலைச்சுப்போட்டன்" என்றார் அந்த மூதாட்டி.

அவர் அழவில்லை. பன்முறை ஒப்புவித்துப் பழகிய கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னார். கடைக்கு அனுப்பியது உண்மை. தொலைத்தவர் அவர்தாமா? நடுத்தெருவில் ஒரு மனிதனை மறித்து ஏற்றிச் சென்றவர்கள் இக்கணக்கில் எங்கே? பழி முழுவதையும் தாயொருத்தி தன் தலைமேல் ஏற்றுக்கொண்டபின் அவர்களுக்கு அதில் பங்கே இல்லாது போகிறது. தன்னைத் தானே தண்டித்துக்கொள்ளும் இந்நிலையைப் பற்றிச் சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

நிகழ்கணத்தில் மனத்தை நிறுத்துக, உன்மேல் நீயே பரிவு கொள்க என்னும் போதனை இன்று பயிலரங்குகளின் வாயிலாக நமது கரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவிலே மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 1979இல் ஜோன் கபாட்-சின் நோயாளர்க்கென இப்பயிற்சியைத் தொடங்கினார். 2003இல் கிறிஸ்டின் நெஃப் என்னும் உளவியலாளர் தன்மேற் பரிவுக்கு மூன்று கூறுகளை வகுத்தார்: தன்னிடம் கனிவு, துன்பம் மானிடர் யாவர்க்கும் பொது என்ற உணர்வு, உள்ளதை உள்ளபடி காணும் விழிப்பு. இவ்விழிப்பின் வேர் பௌத்தத்தில் உள்ளது. பாளி மொழியில் 'சதி' எனவும் வடமொழியில் 'ஸ்மிருதி' எனவும் வழங்குவது அதுவே. மணிமேகலையைப் பெற்ற மொழிக்கு இது முற்றிலும் அந்நியமன்று.

எனினும் இப்போதனையை நாம் ஐயத்தோடுதான் எதிர்கொண்டோம். எதிர்க்கரை இழுவைப் படகு வலையை அறுத்துக்கொண்டு போனபின் பேசாலைக் கரையில் வெறுங்கையோடு நிற்கும் மீனவனிடம், மூச்சைக் கவனி என்று சொல்வது எத்தகைய அறம்? நுண்கடன் தவணை கேட்டு வாசலில் வந்து நிற்பவனை, ஒரு பெண் மூச்சை எண்ணித் திருப்பி அனுப்ப முடியுமா? வெளியே நிகழும் கொடுமையை உள்ளத்தின் கோளாறாக மாற்றிக் காட்டும் எந்தத் தத்துவமும் கொடுமை செய்பவனுக்கே ஊழியம் புரியும். இந்த ஐயத்தை நாம் இன்றும் கைவிடவில்லை.

ஆயினும் ஐயம் மட்டுமே விடையாகிவிடாது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், அச்சத்தால் துடிக்கும் உடலைத் தணிப்பதற்கு மக்களின் சமய வாழ்விலிருந்தே சொற்களை எடுத்துக்கொண்டார். இந்துவுக்குப் பிரணவம், கத்தோலிக்கருக்கு இயேசுவின் நாமம், முஸ்லிமுக்கு இறைபுகழ், பௌத்தருக்குச் சரணம். திருக்கேதீச்சரமும் மடுத் தேவாலயமும் பள்ளிவாசல்களும் சூழ வாழும் நமக்கு இதன் பொருத்தத்தை எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ? செபமாலை மணிகளை உருட்டிய விரல்களுக்கு, அலையும் மனத்தை ஓரிடத்தில் நிறுத்தும் வித்தை புதிதன்று.

அவ்வாறு நின்ற மனம் எதைக் காண்கிறது? "நான் அனுப்பினேன்" என்பது நிகழ்ச்சி. "நான் தொலைத்தேன்" என்பது தீர்ப்பு. பதினாறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த அம்மையார் இவ்விரண்டையும் ஒன்றாகவே சுமந்திருக்கிறார். விழிப்பு இவற்றுக்கிடையே உள்ள தூரத்தைக் காட்டுகிறது. பரிவு இன்னுமோர் அடி முன்சென்று, இதே சொற்களை அயல்வீட்டுத் தாய் சொல்லியிருந்தால் நீ அவளுக்கு என்ன மறுமொழி கூறுவாய் என்று வினவுகிறது. அந்த மறுமொழிக்குத் தானும் உரியவளே என உணர்வதுதான் தன்மேற் பரிவு. தன் துயரையே உலகில் பெரிதெனக் கொண்டு புலம்பும் தன்னிரக்கம் வேறு. பிறருக்குத் தரும் நியாயத்தைத் தனக்கும் தருகின்ற இப்பரிவு வேறு.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் வீட்டையும் வள்ளத்தையும் விட்டுக் கடல்வழியே கற்பிட்டிக்குச் சென்றனர். அன்று கரையில் வாய்மூடி நின்றவர்கள் நமது பெற்றோரின் தலைமுறையினர். அச்சம் அவர்களது வாயைக் கட்டியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், நாம் என்ன செய்திருக்க முடியும் என்ற ஒரே வாக்கியத்தில் அந்த மௌனத்தைக் கழுவிவிடுவோமாயின், பரிவு வெறும் சலுகையாகிவிடும். செய்யாத குற்றத்தை ஏற்பது எவ்வளவு பொய்யோ, உள்ள பங்கை மறைப்பதும் அவ்வளவு பொய்யே. விழிப்பு இரண்டையும் அனுமதிக்காது. தன்னை வெறுக்காமல் தன் தவற்றைப் பார்க்கத் தெரிந்தவனே மீண்டு வந்த அயலவனின் முகத்தை நேராகப் பார்க்க வல்லவன்.

தனி மனிதன் தன்னந்தனியே கண்மூடியிருந்து இதை எய்திவிடலாம் என்றும் நாம் நம்பவில்லை. அரிப்பிலும் சிலாவத்துறையிலும் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், குளிப்பவன் கல்லின் பாரத்தோடு கடலடிக்கு இறங்கினான். மூச்சு அவனுடையது, ஆனால் கயிறு தோணியில் நின்றவனின் கையில் இருந்தது. கீழிருந்து ஓர் அசைவு வந்ததும் மேலே இழுப்பதற்கு ஒருவன் விழித்திருந்தான். துயரத்தின் அடியாழத்துக்கு இறங்குகின்றவர்க்கும் மேலே கயிறு பிடிக்கும் அயலும் பாடசாலையும் ஊரும் வேண்டும். அவையின்றி மூச்சை மட்டும் கற்பிப்பது பாதி வேலையே.

மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசப் ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழுவின் முன் 2011 சனவரியில் தோன்றி, அரச நிருவாகத்தின் கணக்குகளையே காட்டி, 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். 2021இல் அவர் மறைந்தபோதும் அக்கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கவில்லை. கேள்வி எவரிடம் கேட்கப்பட வேண்டுமோ அவரிடம் கேட்கப்பட்டது என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. வீடுகளுக்குள்ளே தாய்மார் அதே கேள்வியைத் தம்மிடமே கேட்டுத் தம்மையே தண்டித்துக்கொண்டிருக்கும்வரை அது வெளியே உரத்து ஒலிக்காது. ஆகவே தன்மேற் பரிவை நீதிக்கு மாற்றாக அன்று, நீதி கேட்பதற்கு வேண்டிய முதற்பலமாகவே நாம் மதிக்கிறோம்.

அந்த அம்மம்மா இத்தவணையும் வந்தார். பேரனின் வரவு சற்றுத் திருந்தியிருந்தது. விடைபெறும் வேளையில், "அண்டைக்கு நான் கடைக்குத்தான் சேர் அனுப்பினனான்" என்றார். சிறிது நேரம் வாசலைப் பிடித்தபடி நின்றார். "கூட்டிக்கொண்டு போனவங்கள்தான் மிச்சத்தைச் சொல்லோணும்."