அடைக்கலம் வாங்கியவர் பொறுப்பு

2024 ஜனவரி 1 அன்று சிங்கப்பூரில் பொருள், சேவை வரி 8 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடானது. சிராங்கூன் சாலையில் நான்கைந்து கல்லாக்கள் வைத்திருக்கும் கடைக்கு, மாற்ற வேண்டியது ஓர் எண்தான். அந்த எண் எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தே வேலை கூடியது, குறைந்தது. கல்லாக் கணினியின் மென்பொருளுக்குள் வரிக்கணக்கு இருந்தால் ஒவ்வொன்றாகப் போய்த் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ஒரே கடையில் இரண்டு விதமான ரசீது. நடுவிலுள்ள சர்வரில் இருந்தால் ஒரு திருத்தம் போதும்.

வணிகத் தரவுத்தளம் அமைப்பவர் முன் இப்படிச் சில வழிகள் இருக்கின்றன. இரண்டடுக்கு முறையில் மேசைக் கணினி நேரே தரவுத்தளத்தோடு பேசும்; மலிவு, சீக்கிரம் அமைந்துவிடும். மூன்றடுக்கில் நடுவே ஒரு சர்வர் நின்று, கேட்பவர் யார், கேட்பது என்ன என்று பார்த்தபிறகே பதில் தரும். தரவுத்தளத்தின் சாவி அதனிடம் மட்டுமே. இன்னொரு முறையில் மென்பொருளே தொலைவிலுள்ள சர்வரில் ஓடும், மேசையில் இருப்பவருக்குத் தெரிவது திரை மட்டும். இவற்றில் எது வேண்டும் என்பதைச் செலவும் வேகமுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஆனால் இதற்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. தரவுத்தளத்தில் இருப்பது கடைக்காரரின் சொத்து அல்ல, பிறர் நம்பி ஒப்படைத்தது. அதை மூன்றாம் மனிதர் ஒருவர் திருடினால் காத்தவர் குற்றவாளியா?

சிங்கப்பூர் இந்தக் கேள்வியை 2018இல் நேருக்கு நேர் சந்தித்தது. ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை சிங்ஹெல்த் என்ற பொதுச் சுகாதாரக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து ஏறத்தாழ 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி ஆகியவை களவு போயின. அவர்களில் சுமார் 160,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரமும் போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் அவர்களில் ஒருவர்.

இத்தனைக்கும் அங்கே நடுவில் சர்வர் இருந்தது. மருத்துவர்களும் தாதியரும், திரையை மட்டும் மேசைக்கு அனுப்பும் சிட்ரிக்ஸ் சர்வர்கள் வழியாகவே பதிவேட்டை அடைந்தார்கள். ஊடுருவியவர்கள் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் சிட்ரிக்ஸ் சர்வர்களைக் கைப்பற்றினார்கள். அங்கிருந்து தரவுத்தளத்துக்குத் திறந்தே கிடந்த இணைப்பு அவர்களை உள்ளே விட்டது. அந்த இணைப்பு தேவையே இல்லாதது என்றது இந்தத் திருட்டை ஆராய்ந்த விசாரணைக் குழு. ஒரு நோயாளியின் பதிவைக் கேட்பதற்கும் லட்சக்கணக்கானோரின் பதிவை மொத்தமாக அள்ளுவதற்கும் வித்தியாசம் பார்க்க அங்கே ஏற்பாடு இல்லை. 2019 ஜனவரியில் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும், அதன் தகவல் தொழில்நுட்பத்தைக் கவனித்த ஐஎச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டது. திருடியவர் வேறு, ஆனாலும் காத்தவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

சிலப்பதிகாரத்திலும் இதே கேள்வி எழுகிறது. அதில் சமணத் துறவி கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற ஆயர் குலப் பெண்ணிடம் அடைக்கலமாகத் தருகிறார். கண்ணகியின் கணவன் கோவலனைக் கொன்றது பாண்டியன் ஆணை, சூழ்ச்சி செய்தது பொற்கொல்லன். மாதரியிடம் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் அடைக்கலத்தை இழந்தோமே என்று அவள் தீப்புகுந்தாள். அந்த முடிவை இன்று யாரும் ஏற்கப் போவதில்லை. ஆனால் 'என் குற்றம் இல்லையே' என்று அவள் ஒதுங்கிக்கொள்ளவில்லை என்பது பெரிய விஷயம். சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வளவு தூரம் போவதில்லை. நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்தாயா என்று மட்டும் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு விடை, திருட்டு நடப்பதற்கு வெகுமுன்பே, சாவி யாரிடம் இருக்கட்டும் என்று முடிவெடுத்த நாளிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

நடுவில் நிற்பவரைப் பற்றியும் தமிழ்ச் சமயத்துக்கு ஆழ்ந்த ஐயம் உண்டு. திருப்புன்கூரில் வாசலுக்கு வெளியே நின்ற சிவனடியார் நந்தனாருக்காக, சிவனை மறைத்திருந்த நந்தியே விலகியதாகப் புராணம் சொல்கிறது. உரியவரை மறிக்கும் காவல் காவலே அல்ல. தன்னைப் பற்றிய பதிவைப் பார்க்கவும் பிழை இருந்தால் திருத்தச் சொல்லவும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாடிக்கையாளருக்கு உரிமை தருகிறது. நடுச்சர்வரை எழுதுபவர் இந்த வழியையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அடைக்கலத்தை வாங்காமலே இருப்பதும் ஒரு வழிதான். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினாலோ ஆளை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்தத் தேவைப்பட்டாலோ தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைக் கேட்கக் கூடாது. தேக்காவில் ஒரு கடை உறுப்பினர் அட்டைக்குத் தொலைபேசி எண் போதும் என்று நினைத்தால், பிறந்த தேதிக்கான கட்டத்தையும் படிவத்திலிருந்து எடுத்துவிடலாம். பழைய பதிவுகளில் இனித் தேவைப்படாதவற்றை அழித்துவிட வேண்டும், அல்லது யாருடையது என்று தெரியாதபடி ஆக்கிவிட வேண்டும் என்பதும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.